கால் நொடி தாமதம்

பன்னிரண்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய உர்சுலாவைப் பார்த்து, "உங்க கை ஸ்லோ ஆயிருச்சு ஆன்டி" என்றான் கிஷன். அவனுக்கு வயது இருபத்தெட்டு. உர்சுலாவுக்கு நாற்பத்தைந்து. அந்த 'ஆன்டி' அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. 'ஸ்லோ' தான் வலித்தது.

கப்பலிலிருந்து கொள்கலன்களைத் தூக்கி லோரியின் முதுகில் வைப்பது அவள் வேலை. நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலுக்குக் கீழேயும் கண்ணாடி. இரண்டு பக்கமும் இரண்டு ஸ்டிக். குனிந்து கீழே பார்த்துக்கொண்டே, கம்பியில் ஆடும் முப்பது டன் பெட்டியை ஒரு விரல் இடைவெளி பிசகாமல் இறக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில்கூட மணிக்கு இருபத்தேழு பெட்டி இறக்கியிருக்கிறாள். கிள்ளான் துறைமுகத்தில் அந்த வேலையில் இருக்கும் பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இப்போது நிர்வாகம் அந்தக் கூண்டுகளையே காலி செய்ய முடிவெடுத்திருந்தது. இனி எல்லாரும் ஆபீசில், ஏர்கோன் குளிரில், மூன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்தே கிரேனை ஓட்ட வேண்டும். கிரேனில் கேமரா இருக்கும், மேசையில் ஸ்டிக் இருக்கும். அதற்கு ஒரு பரீட்சை. பரீட்சை வைப்பவன் கிஷன். முதலில் தோற்றது கமலநாதன் அண்ணன். இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். உர்சுலா வேலைக்கு வந்த புதிதில் கூண்டில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொடுத்தவர். இரண்டு முறை தோற்றதும் அவரை வாசல் கேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வரும் லோரிகளின் பெட்டி நம்பரை டேப்லெட்டில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்தது உர்சுலா. திரையில் பெட்டி இடது பக்கம் ஆடியது. எப்போதும் செய்வது போல அந்த ஆட்டத்தின் பின்னாலேயே போய் அதைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிபடவில்லை. ஆட்டம் இன்னும் பெரிதானது. மூன்று பெட்டியில் மூன்றுமே டமால் என்று உட்கார்ந்தன.

"இன்னொரு சான்ஸ் இருக்கு ஆன்டி," என்றான் கிஷன். "மூணு வாரம் லீவு எடுங்க. ரெஸ்ட் பண்ணுங்க. வந்து திரும்ப எடுங்க. அதுலயும் வரலன்னா..."

"கேட்டுக்கா?"

அவன் ஃபைலை மூடினான்.

வீட்டில் இரண்டு நாள்கூட அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் கணவர் ஜெயராஜ் பள்ளி வேன் ஓட்டுபவர். காலையும் மதியமும் போக மிச்ச நேரம் வீட்டில் தான். அவர் எதிரிலேயே ஃபேனைக் கழற்றித் துடைத்தாள், திரைச்சீலையை மாற்றினாள், அலமாரியின் மேல்தட்டை இறக்கினாள். அங்கே தான், ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள், அந்தக் கேம் பெட்டி இருந்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பா வாங்கிக் கொடுத்தது. எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லாத நகல். இரண்டு கன்ட்ரோலர். மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு கேசட்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவளும் அண்ணன் திமோத்தியும் வளர்ந்த காலத்தில், சனிக்கிழமை மாலை டிவியில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் வரும். மலாய்க் குரல். 'வாஜா தூஜோ', அதாவது எஃகு ஏழு. ஏழு வண்டிகள் ஒன்று சேர்ந்து மலை உயரத்துக்கு ஒரு ரோபோ ஆகும். ஏழு பேர் அதற்குள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். அதில் ஒரே ஒரு பெண். பெயர் மீரா. அந்தக் கார்ட்டூனை வைத்துச் செய்த கேம் தான் அந்த மஞ்சள் கேசட். அண்ணன் ஆடுவான், தங்கை பார்ப்பாள். அவன் சாப்பிடப் போகும் பத்து நிமிஷம் தான் அவளுடையது. அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் விட்ட இடத்தைத் தாண்டிக் காட்டுவாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொள்வான். கேமை இருவருமே முடித்ததில்லை.

மீராவை உர்சுலா மறந்ததே இல்லை. குறிப்பாக ஓர் எபிசோடு. புயலில் ஒரு கப்பல் கவிழப் போகும். மற்ற ஆறு பேரும் மயங்கிக் கிடப்பார்கள். மீரா தனியாளாக முழு ரோபோவையும் ஓட்டிக் கடலுக்குள் இறங்கி, அந்தக் கப்பலை இரண்டு கையாலும் ஏந்தி, துறைமுகத்தில் ஒரு முட்டையை வைப்பது போல வைப்பாள். தளவாட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த உர்சுலாவுக்கு, கிரேன் ஆபரேட்டர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்ததும் மனதில் வந்தது அந்தக் காட்சி தான். ஜெயராஜிடம் மட்டும் இதைச் சொல்லியிருக்கிறாள்.

"கை ஸ்லோவா, இல்லையான்னு இதுல பார்த்துடலாம்," என்று கேம் பெட்டியைத் துடைத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வைத்த பிறகு தான் தெரிந்தது, டிவியில் அதைச் செருக ஓட்டையே இல்லை. ஞாயிறு பூசை முடிந்து பிரிக்பீல்ட்ஸில் மாடிக்கடை ஒன்றில் கேட்டாள். கடைக்காரர் தீப்பெட்டி அளவில் ஒரு கன்வெர்ட்டரை எடுத்து வைத்தார். "இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு. போட்டா வரும் அக்கா."

வந்தது. படம் அகலமாக இழுபட்டு, ரோபோவுக்குத் தொப்பை விழுந்தது போல வந்தது. பரவாயில்லை என்று ஆட ஆரம்பித்தாள். முதல் கட்டம் எப்படியோ போயிற்று. இரண்டாம் கட்டத்தில் ஒரு தொழிற்சாலை, ஓடும் பெல்ட், பெல்ட்டுக்கு நடுவே பள்ளங்கள். விளிம்பு வரும் நேரம் பார்த்துக் குதிக்க வேண்டும். பத்து வயதில் அவள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய இடம்.

விழுந்தாள். மறுபடி விழுந்தாள். அன்று முழுக்க விழுந்தாள். திங்கள் மதிய ஓட்டம் முடிந்து ஜெயராஜ் சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"நீ லேட்டா அமுக்குற உர்சு."

"சரியாத்தான் அமுக்குறேன்."

"விளிம்பு தாண்டுன அப்புறம் தானே அது குதிக்குது."

"அதைத் தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன். உங்களுக்குக் குழம்பு வேணுமா வேணாமா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். உர்சுலா கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்தாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுங்கவில்லை. விரல் மடங்கியது, நிமிர்ந்தது. கிஷன் சொன்னது உண்மைதானோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

கேம் இப்படிக் கழுத்தறுத்ததால் கார்ட்டூனையாவது பார்ப்போம் என்று தேடினாள். யாரோ ஒரு புண்ணியவான் ஐம்பத்திரண்டு எபிசோடையும் இணையத்தில் ஏற்றியிருந்தான். மலாய்க் குரல் இல்லை. ஜப்பானியக் குரல், கீழே ஆங்கில எழுத்து. முதல் எபிசோடில் ஏழு வண்டிகளும் சேரும் காட்சி வந்தபோது சோபா நுனிக்கு வந்துவிட்டாள். தலையும் மார்பும் கேப்டன். இரண்டு கையும் இரட்டைச் சகோதரர்கள். வயிறு சமையல்காரன். முதுகு ஒரு விஞ்ஞானி. வலது கால் ஒரு குத்துச்சண்டைக்காரன்.

மீரா இடது கால்.

உர்சுலா படத்தை நிறுத்திப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். இடது கால் தான்.

"இடது கால் தயார்!" ஒவ்வொரு எபிசோடிலும் மீரா சொல்வது இந்த ஒரு வரி. சண்டை முடிந்ததும் ஒரு தட்டில் ஏழு கிளாஸ் வைத்து எடுத்து வருவாள். கேப்டன் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஆறாவது எபிசோடில் ஜெயராஜ் சிரித்தே விட்டார்.

"இந்தப் பொண்ணையா சொன்ன நீ? டீ போடுற பொண்ணு லா இது."

"இருங்க. கப்பல் எபிசோடு வரட்டும்."

பத்து போனது, இருபது போனது. புயல் வந்தது, கப்பல் வரவில்லை. கப்பல் வந்த எபிசோடில் புயல் இல்லை. அதையும் கேப்டன் தான் காப்பாற்றினார். நாற்பத்து நான்காவது எபிசோடில் எதிரி அந்த இடது காலை உடைத்துப் போட்டான். மீரா ஆஸ்பத்திரியில் படுத்தாள். விஞ்ஞானி ஒரு புதுக் கால் செய்தார். ஆளே தேவைப்படாத, தானாக நடக்கும் கால். மிச்ச எட்டு எபிசோடும் மீரா கட்டிலில் சாய்ந்தபடி டிவியில் சண்டையைப் பார்த்துக் கைதட்டினாள். அதோடு கதை முடிந்தது.

ஒன்பது நாளில் ஐம்பத்திரண்டையும் பார்த்து முடித்திருந்தாள். அந்த எபிசோடு இல்லை. டிவியை அணைத்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் திமோத்திக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, வாஜா தூஜோ ஞாபகம் இருக்கா?"

"ஏதோ ரோபோ தானே?"

"அந்த கேம்? மஞ்சள் கேசட்? அந்த பெல்ட் ஸ்டேஜ்ல என்னை ஆடவே விடமாட்டியே?"

"கேமா? எனக்கு ஞாபகமே இல்ல லா."

அவளுக்கு எரிந்தது. ஐந்து வருஷம் அவள் கையிலிருந்து பிடுங்கியவனுக்குப் பிடுங்கியதே ஞாபகம் இல்லை. "சரி விடு. மீரா கப்பலைத் தூக்கி வைப்பாளே, அந்த எபிசோடு ஞாபகம் இருக்கா? எங்க தேடியும் கிடைக்கல."

 அந்தப் பக்கம் திமோத்தி சிரித்தான்.

"அது டிவியில வரலயே. கரண்ட் போகும்போதெல்லாம் நீ சொல்லுவியே, அந்தக் கதை. கப்பல், புயல், முட்டை மாதிரி வைக்கிறது. டிவியில வர்றதைவிட அது தான் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் காத்தை இன்னும் பெருசாக்குவ."

"நானா?"

"நீ தான். பத்து வயசு இருக்கும் உனக்கு."

ஜெயராஜ் இதைக் கேட்டு, "அப்ப நீயே உனக்கு வழி காட்டியிருக்க, நல்லது தானே?" என்றார். உர்சுலாவுக்கு அது நல்லதாகப் படவில்லை. சொந்த மூளையில் பிறந்த ஒன்றுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஓர் இடது காலுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த இடது காலோ கட்டிலில் படுத்துக் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறது. 

மறுநாள் மீண்டும் கேமில் உட்கார்ந்தாள். கோபத்தில் ஆடியதில் இன்னும் மோசமாக விழுந்தாள். இழுபட்ட படம் தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று தோன்றியது. பழைய, பின்னால் தொப்பை உள்ள டிவி ஒன்று கிடைத்தால் தேவலை. ஜெயராஜுக்கு ஞாபகம் வந்தது. ஜெஞ்சாரோமில் அவர் அக்கா தங்கமணி வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது.

சனிக்கிழமை காலை வேனில் போனார்கள். டிவி இருந்தது. ஸ்டோர் ரூமில், அதன் மேல் அரிசி டின்.

"டிவியா? அதைக் கொடுத்துட்டா என் அரிசி டின்னை எங்க வைக்கிறது?" என்றார் தங்கமணி. "கீழ வெச்சா எலி."

"வேணாம்க்கா. இங்கேயே ஒரு பத்து நிமிஷம் ஆடிப் பாத்துட்டுப் போயிடறேன்."

"என்னத்த ஆட?"

"கேம்க்கா."

தங்கமணி தம்பியைப் பார்த்தார். ஜெயராஜ் கூரையைப் பார்த்தார். அரிசி டின்னை இறக்கி, ஒயரைச் செருகி, முக்காலியில் வெங்காய மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே உர்சுலா உட்கார்ந்தாள். டிவி ஒரு நிமிஷம் முனகிவிட்டு வெளிச்சம் போட்டது. ரோபோவுக்குத் தொப்பை இல்லை.

பட்டனை அமுக்கினாள். விரல் இறங்கிய அதே நேரத்தில் ரோபோ குதித்தது.

இன்னொரு தடவை அமுக்கினாள். அதே நேரம். நடுவே இழுவையே இல்லை. பெல்ட் கட்டத்துக்கு வந்தாள். முதல் பள்ளம், இரண்டாவது, மூன்றாவது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்டினாள். மூன்றாம் கட்டம், நான்காம் கட்டம். ஐந்தாவது முடிந்ததும் திரை ஒருமுறை கறுத்து, மறுபடி முதல் கட்டமே வந்தது. கேசட்டின் மேல் எட்டுக் கட்டத்தின் படம் இருந்தது. மிச்சம் மூன்றையும் நகல் எடுத்தவன் விட்டுவிட்டிருக்கிறான். இதற்காகவா அண்ணனோடு அத்தனை சண்டை என்று வேறொரு நாளாக இருந்தால் கேட்டிருப்பாள். இப்போது அவள் மனம் அதில் இல்லை.

"வீட்டு டிவியில கையும் படமும் ஒண்ணா வரல," என்றாள் மெதுவாக. "அமுக்குறது இப்ப, தெரியுறது அப்புறம். அந்தக் குட்டி கன்வெர்ட்டர், அந்தப் புது டிவி, எல்லாத்தையும் தாண்டி வரதுக்குள்ள நேரமாயிடுது."

"அதான் நான் சொன்னேன், லேட்டுன்னு," என்றார் ஜெயராஜ்.

"நான் லேட் இல்லங்க. படம் லேட்." எழுந்து நின்றாள். முக்காலி கவிழ்ந்தது. "ஆபீஸ்ல அந்த மூணு ஸ்கிரீனும் அப்படித்தான்."

லீவு முடிய நான்கு நாள் இருந்தது. திங்கட்கிழமையே துறைமுகத்துக்குப் போனாள். கிஷன் நம்பவில்லை.

"அப்படியெல்லாம் இருக்காது ஆன்டி. எல்லாம் ஃபைபர் கேபிள். சிஸ்டம் டெஸ்ட் பண்ணித்தான் போட்டிருக்கோம்."

"அப்ப இன்னொரு தடவை டெஸ்ட் பண்ண பயமென்ன?"

"நான் பாக்கறேனே, எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"நீ கூண்டுல உக்காந்ததே இல்ல தம்பி. உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் முகம் சிவந்தது. ஆனால் போகச் சொல்லவில்லை. பெட்டியைக் கவ்வும் இரும்புச் சட்டத்தில் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. மேசையில் சுவிட்சைத் தட்டினால் எரியும். கூண்டிலிருந்து தட்டினால் கண் இமைக்கும் முன் எரிவதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இப்போது தன் போனை ஸ்லோ மோஷனில் போட்டுக் கிஷனிடம் கொடுத்து, மேசைச் சுவிட்சும் திரையும் ஒரே படத்தில் தெரியும்படி பிடிக்கச் சொன்னாள். போன் நொடிக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கும். சுவிட்சைத் தட்டினாள்.

பிறகு இருவரும் குனிந்து ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினார்கள். விரல் சுவிட்சைத் தொட்டதிலிருந்து திரையில் விளக்கு எரியும் வரை அறுபத்தொன்று. கிஷன் மறுபடி எண்ணினான். அறுபத்தொன்று. மூன்றாவது தடவை உதட்டை அசைத்துக்கொண்டே எண்ணினான்.

"கால் நொடிக்கும் மேல," என்றான். "மேனுவல்படி நொடியில பத்துல ஒரு பங்கு தான் இருக்கணும்."

"முப்பது டன் பெட்டி கால் நொடியில எவ்வளவு தூரம் ஆடும்னு உனக்குத் தெரியுமா?"

அவன் தெரியாது என்று தலையை அசைத்தான். "நான் தான் உங்களையும் கமலநாதன் அங்கிளையும் ஃபெயில் போட்டேன்," என்றான். உர்சுலா அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டிருக்க வேண்டும். ஆகவில்லை. வீடியோவைப் பார்த்த மேலாளர், "நல்ல கண்டுபிடிப்பு" என்று மின்னஞ்சல் அனுப்பினார். பொறியாளர்கள் வருவதற்கே மூன்று வாரம் ஆனது. கேமராவுக்கும் மேசைக்கும் நடுவே படத்தைச் சேமித்து வைக்கும் ஒரு பெட்டியை யாரோ கூடுதலாக மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்ற இன்னும் இரண்டு வாரம். அதுவரை உர்சுலாவைக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். போகட்டும் என்று பொறுத்தாள். ஆனால் பரீட்சை முடிவை அழிக்க மட்டும் யாரும் தயாராக இல்லை. "சிஸ்டத்துல ஏறுனது ஏறுனது தான், டிலீட் பண்ண தாக் போலே, முடியாது," என்றார்கள் மனிதவளப் பிரிவில். மேல்முறையீட்டுப் பாரம் இருக்கிறதாம். ஆறு பக்கம்.

அவள் இரண்டு பாரம் கேட்டு வாங்கினாள்.

கமலநாதன் கேட்டில் சின்னக் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னாள். அறுபத்தொரு படத்தையும் போனில் காட்டினாள். அவர் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"விடு லா உர்சுலா. எனக்கு இங்கயே பழகிருச்சு. கழுத்து வலி இல்ல. மழை பெஞ்சா நனையறதில்ல."

"அண்ணே, உங்க கை மேல பழி போட்டிருக்காங்க."

"போட்டா போடட்டும்."

"மூணு மாசமா நீங்களும் அதை நம்புனீங்களா இல்லையா?"

 ஒரு லோரி வந்து நின்றது. நம்பரைத் தட்டினார். தவறாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினார். லோரி போனது.

"வீட்ல சொல்லல," என்றார். "ஃபெயில் ஆனேன்னு. ரெஸ்டுக்காக நானே கேட்டு வாங்குனேன்னு சொல்லியிருக்கேன்."

உர்சுலா பாரத்தை அவர் மடியில் வைத்தாள். பெயர், அடையாள எண், சேர்ந்த தேதி எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள். அவர் ஆறு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். நடுவில் நான்கு லோரிகள் வந்து போயின. கடைசிப் பக்கத்தில் தான் சேர்ந்த தேதியை அவள் ஒரு வருஷம் குறைத்து எழுதியிருப்பதைக் காட்டி, அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டார். பிறகு கீழே பெரிதாகக் கையெழுத்திட்டார்.

உர்சுலா அடுத்த மாதம் மறுபரீட்சை எடுத்துத் தேறினாள். கமலநாதன் அதற்கு இரண்டு மாதம் கழித்து. பழைய மதிப்பெண் இருவர் பெயரிலும் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் 'மறுபரிசீலனையில்' என்று ஒரு வார்த்தை மட்டும் சேர்ந்திருக்கிறது. அவள் இப்போது ஆபீசில், ஏர்கோனில், மூன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்து மணிக்கு இருபத்து நான்கு பெட்டி இறக்குகிறாள். கூண்டில் காற்று மோதும்போது இருக்கை வழியாகவே பெட்டியின் ஆட்டம் முதுகுக்குத் தெரியும். மேசையில் எதுவும் தெரிவதில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி அதைச் சொல்கிறாள். கிஷன் ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொள்கிறான்.